சூடு ஆறாத மெத்தை

ஓசூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கம்பெனி சட்டையோடு இரண்டு பேர். ஒருவன் கையில் லேப் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தும்மிக்கொண்டே இருந்தான்.

"ரத்தத்துல தூசி அலர்ஜி எக்கச்சக்கமா இருக்குதாம் மச்சி. முதல்ல மெத்தைய தூக்கிப் போடுங்கறாரு டாக்டரு."

"போட்டுத் தொலைடா. பகல்ல உன் ரூம்மேட்டு, ராத்திரி நீயின்னு ஒரே மெத்தையில படுத்தா அப்பிடித்தான்."

"அந்த நைட் ஷிப்ட்காரன்கிட்ட கேக்கணும்ல? நான் வர்றதுக்குள்ள கிளம்பிர்றான், மூஞ்சியே பாத்ததில்ல. அதான் ரூம் ஓனருக்குப் போன் போட்டேன்."

"என்னவாம்?"

"அவன் காலி பண்ணி மூணு மாசமாச்சாம். ரூம்ல நான் மட்டுந்தானாம்."

"தனி ரூமுடா, அனுபவி ராஜா!"

"டேய், டெய்லி நான் போய்ப் படுக்கறப்ப மெத்த சூடா இருக்குதுடா."

கண்டக்டர் ரிப்போர்ட்காரன் இறங்கவேண்டிய ஸ்டாப்பைச் சொல்லிக் கத்தினார். அவன் எழவில்லை. கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் கேட்டான்.