ஆறுமுன் திறந்த உலைக்காக: கார்மேகம் ஐயாவுக்கு ஒரு மடல்

பீங்கான் பொறியியல் பயின்று, பெரும் ஆலைகளை ஆளவேண்டிய கைகளால், மஸ்கத்தின் ரூவியில், நம் பல் மருத்துவமனையில் இருபத்தாறு ஆண்டுகள் பீங்கான் பற்கள் செய்த பெருந்தகையீர்! கார்மேகம் ஐயா அவர்களே! உங்கள் பணிநிறைவு விழாவில் பாராட்ட வந்த நாங்கள் தலைகுனிந்து நிற்கிறோம்.

உங்களோடு பயின்றவர்களில் ஒருவர் அபுதாபியில் மின்கோபுரத்துப் பீங்கான்களைச் சோதிக்கிறார். இன்னொருவர் குவைத்தின் மங்காஃபில் குளியலறைச் சாமான் விற்கிறார். “படிச்சது ஒண்ணு, பாக்குறது ஒண்ணு” என்று உங்கள் அனைவரையும் ஏளனம் செய்தோம். நோயாளியைச் சாளரத்தருகே நிறுத்திப் பகல் வெளிச்சத்தில் பல்லின் நிறம் தேர்ந்தீர்கள், “அண்ணாச்சி பல்லுக்குப் பொண்ணு பாக்குறாரு!” என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடைதோறும் முழங்கிய நாங்களே, வெள்ளைக் கோட்டு மேல், பீங்கான் மாவு படிந்த கை கீழ் என்று கடல் கடந்தும் வரிசை வகுத்தோம். வெட்கம்! வெட்கம்!

ஒன்பதாண்டுகளுக்கு முன் ஒரு நண்பகல். நீங்கள் உணவருந்தச் சென்றிருந்தீர்கள். திருமணத்துக்கு ஊர் புறப்பட்ட பெர்லின் என்ற மீனவத் தம்பி, “ஃப்ளைட்டுக்கு நேரமாச்சுண்ணே, பல்லு எங்க?” என்று வரவேற்பறையில் பதறினார். பீங்கான் பல் சுடும் உலை தானாக ஆறும்வரை தொடக்கூடாது என்று நீங்கள் எழுதி ஒட்டியிருந்தீர்கள். படித்தோம், திறந்தோம். சட்டென்று குளிர்ந்ததில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்ட அந்தப் பல், மணவிருந்தின் முதல் கவளத்தில் உடைந்தது. புகார் வந்தது. எச்சரிக்கைக் கடிதம் உங்களுக்கு! ஆய்வகத் தலைமைப் பொறுப்பு வேறொருவருக்கு! “சரியாத்தானே வச்சுட்டுப் போனேன்?” என்று நீங்கள் எங்கள் முகங்களைப் பார்த்தீர்கள். நாங்கள் அவரவர் வேலைக்குத் திரும்பினோம்.

திறந்தவன் வரவேற்பறைத் தேவதாஸ். இம்மடலை வாசிக்கும் நான்தான். பார்த்திருந்தும் மறைத்தவர்கள் கீழே என்னோடு கையொப்பமிட்ட பதினொருவர்.

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகி கலீலுர் ரஹ்மான் அவர்களே! அந்தக் கடிதத்தை இவர் கோப்பிலிருந்து எடுத்து, எங்கள் கோப்புகளில் வையுங்கள். இது வேண்டுகோள் அன்று, நீதி.

ஐயா, நோயின்றி, நெடுநாள், குறையாத கண்ணொளியோடு வாழ்க! எங்களை மன்னிக்கக் கேட்கும் தகுதி எங்களுக்கில்லை.

இந்த மடலை உங்களுக்குத் தந்தனுப்பப் போவதில்லை. சட்டமிட்டு எங்கள் வரவேற்பறைச் சுவரில் மாட்டுகிறோம். வருகிறவர்கள் வாசிக்கட்டும், வாசித்துவிட்டு எங்களைப் பார்க்கட்டும்.

நாணத்துடன்,
தேவதாஸ், ஜோஸ்மி, வருண் உள்ளிட்ட பன்னிரு ஊழியர்கள்
ரூவி, மஸ்கத்