அப்படியே இரு

வீட்டு வேலைகளில் எனக்குப் பிடித்தது கண்ணாடி துடைப்பதுதான். பாத்திரம் கழுவச் சொன்னால் முணுமுணுப்பேன், துணி மடிக்கச் சொன்னால் பாதியில் நழுவிவிடுவேன் என்று உனக்கே தெரியும் அக்கா. கண்ணாடி மட்டும் அப்படியில்லை. வினிகர் கலந்த தண்ணீர், பழைய செய்தித்தாள், ஏணி, அவ்வளவுதான். மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டே வந்தால், கடைசியில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும். அந்தப் பக்கம் பாறை, மரம், ஓடை. இந்தப் பக்கம் நாம். நடுவில் ஒன்றுமில்லை. அப்பா என்னைப் பாராட்டியது அந்த ஒன்றுக்குத்தான். "சிறுசு கை வெச்சா கண்ணாடி காணாமப் போயிடும்பா" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

நீ படுத்துக்கொள். கண்ணை மூடிக்கொண்டே கேட்கலாம். விளக்கைப் போடாதே. போட்டால் வெளியே காவலுக்கு உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரருக்கு நாம் இரண்டு பேரும் தெரிவோம்.

ராத்திரி நீ வந்ததிலிருந்து "எப்படி நடந்துச்சு சிறுசு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். இன்ஸ்பெக்டரிடம் சொன்னதையே உனக்கும் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் ஸ்டூலைத் தொடவில்லை என்றேன். தொடவில்லை. அப்பா ஓடி வந்தார் என்றேன். ஓடித்தான் வந்தார். ஆனால் படம் எடுக்க வந்தவர்களோடு லைட் பிடிக்க வந்த அண்ணனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நீ சொன்ன பிறகு, மீதியைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன். பொறுத்துக்கொள். ஒழுங்காகக் கோத்துச் சொன்னால்தான் எனக்கே புரிகிறது.

தாத்தா கட்டிய வீடு. பாறையை உடைக்காமல் அதையே ஒரு சுவராக்கி, நின்ற மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி முற்றம் விட்டு, மேலே பெட்டி மூடி போலத் தட்டையாக ஒரு கூரை. கூடத்தில் பள்ளம் இறக்கிப் போட்ட சோபா. ஒருவரும் உட்காரக் கூடாத வளைந்த பலகை நாற்காலி. கம்பியில் தொங்கிச் சுற்றும் தகர இலைகள். சனிக்கிழமை தோறும் யாராவது வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். "எவ்வளவு வெளிச்சம்" என்பார்கள். வெளிச்சத்துக்குக் குறைவில்லைதான். அறைகளுக்குக் கதவும் திரையும்தான் இல்லை. பள்ளிக்கூடத்தில் நம் வீட்டுக்கு மீன்தொட்டி என்று பெயர்.

"உங்க வீட்ல பாத்ரூமுக்காவது கதவு இருக்காடி?"

"சுவர் ரெண்டு தடவ திரும்பும். அதுக்கு மேல பாக்கணும்னா கழுத்து ரப்பர்ல இருக்கணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கதவு இருந்தது ஓர் அறைக்குத்தான். அப்பா வரையும் அறைக்கு.

சுவரெல்லாம் அவர் வரைந்த நாம்தான். பெரிசு காய்ச்சலில். சிறுசு முதல் பல் விழுந்து. நான் அந்தப் பாறையிலிருந்து விழுந்து கை உடைந்த நாள் உனக்கு நினைவிருக்கும். எலும்பு தோலுக்குள் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. அப்பா ஓசைப்படாமல் நடந்து வந்தார், கையில் கிளிப் அட்டையும் கரித்துண்டும் இருந்தன. "அப்படியே இரு. அசையாத கண்ணு, வெளிச்சம் போயிடும்" என்றார். எனக்கு ஏழு வயது. அசையவில்லை. அழுதால் தோள் ஆடும் என்று அழாமலும் இருந்தேன். அம்மா வந்து அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னைத் தூக்கினாள். அந்தப் படம் சாப்பாட்டு மேசைக்கு நேரே தொங்குகிறது. சோறு தின்னும்போதெல்லாம் என் கை எனக்கு எதிரே உடைந்துகொண்டிருக்கும்.

அம்மாவின் கடைசி மதியத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தலை உன் மடியில் இருந்தது. கால் என் கையில் இருந்தது. அவர் மூலையில் இருந்தார். கரி தாளில் உரசும் சத்தம் அம்மாவின் மூச்சைவிடச் சத்தமாக இருந்தது என்று நீதான் பிறகு சொன்னாய். படத்தைக் கூடத்தில் மாட்டிய அன்றே பெட்டியைக் கட்டினாய். நீ போனதற்கு நான் கோபப்படவில்லை. என்னையும் கூட்டிப் போயிருக்கலாம். அதை இப்போது பேச வேண்டாம்.

அம்மா இருந்தவரைக்கும் கூடத்துத் தள்ளுகதவின் கண்ணாடிக்காகச் சண்டை போடுவாள்.

"இது உடைஞ்சா தூளாகாதுங்க. கத்தி கத்தியா உடையும். மாத்திடுங்க."

"புதுக் கண்ணாடியில லேசா பச்சை ஓடும். மரமெல்லாம் மருந்து பாட்டிலுக்குள்ள இருக்கிற மாதிரி தெரியும்."

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும். பிள்ளைங்க முழுசா தெரியும்ல."

அவர் மாற்றவில்லை. அவள் நெஞ்சு உயரத்துக்குக் குறுக்கே சிவப்பு டேப் ஒட்டினாள். படம் எடுக்க யாராவது வந்தால் அப்பா டேப்பை உரித்துவிடுவார். அந்த நாட்களில் தாத்தா காலத்து ஸ்டூல்தான் அடையாளம். தள்ளுகதவு மூடியிருந்தால் மூன்றுகால் ஸ்டூல் அதற்கு முன்னால் நிற்க வேண்டும். திறந்திருந்தால் ஸ்டூல் தூண் பக்கம் போக வேண்டும். நடக்கப் பழகும்போதே நமக்குச் சொல்லிக் கொடுத்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் கதவைப் பார்ப்பார்கள். நாம் ஸ்டூலைப் பார்ப்போம். கண்ணாடியை நம்ப முடியாது, ஸ்டூலை நம்பலாம். அப்பாவும் அதைப் பார்த்து வளர்ந்தவர்தான்.

இன்றைக்குக் காலையில் நம் வீட்டை ஒரு புத்தகத்துக்குப் படம் எடுக்க வந்தார்கள். நேற்றே கண்ணாடி முழுவதும் துடைத்துவைத்திருந்தேன். அவர்கள் வந்து இறங்கிய பிறகுதான் அப்பா தன் அறையிலிருந்து புதுப் படத்தை எடுத்து வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

நான்தான். என் கட்டில், என் போர்வை. முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து, இரண்டு கையாலும் முடியைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். போன மாதம் ஓர் இரவு. எதற்காக அழுதேன் என்று உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன், அது எனக்கு மட்டும் சொந்தமாக இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழுதேன். அவர் முற்றத்து மரத்துக்குப் பின்னால் நின்று வரைந்திருக்கிறார். ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கூப்பிடு தூரம்கூட இல்லை. உள்ளே வந்து "என்னாச்சு"ன்னு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த லைட் அண்ணன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நீதானேம்மா?"

நான் படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"சரி விடு. விளக்க அந்தப் பக்கம் திருப்பிடறேன். படம் இருட்டுக்குள்ள போயிடும். எவனுக்கும் தெரியாது."

விளக்கை நகர்த்த ஸ்டூல் வழியில் இருந்தது. அவர் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அப்பா பார்த்துவிட்டார்.

"ஏய், ஸ்டூலத் தொடாதேன்னு வந்ததும் சொன்னேன்ல? எவனாவது வந்து முட்டிச் செத்தா நீயா பதில் சொல்லுவே?"

எல்லோருக்கும் கேட்டது. அதனால்தான் அவர் இப்போது ஸ்டேஷனில் இருக்கிறார். எனக்கும் கேட்டது. எனக்கு யோசனை வந்ததும் அங்கேதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் கிளம்பிப் போனார்கள். அப்பா காற்றுக்காகத் தள்ளுகதவைத் திறந்துவிட்டு, ஸ்டூலைத் தன் கையாலேயே தூண் பக்கம் வைத்தார். அறைக்குப் போனார். நான் வெளியே கல்தளத்துக்கு வந்து, கதவை இழுத்து மூடினேன். நான் செய்தது அவ்வளவுதான். வெளியே வந்தால் கதவை மூடுவது எந்த வீட்டிலும் வழக்கம்தான்.

மூடிய இடத்தில் கை பட்டிருந்தது. பாவாடை நுனியால் துடைத்தேன். பிறகு சூரியன் பாறைக்குப் பின்னால் இறங்கும்வரை காத்திருந்தேன். அந்த நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் வெளிச்சம் சமமாகிவிடும், கண்ணாடியில் எதுவும் பிரதிபலிக்காது. அதை ஏணியில் நின்று கற்றுக்கொண்டேன்.

அப்புறம் "அப்பா" என்று கத்தினேன். ஒரே தடவை.

நான் கணக்குப் போட்டது இப்படி. அவர் யார் அழுதாலும் முதலில் அட்டையைத் தேடுவார். அப்புறம் பூனை மாதிரி நடந்து வருவார், நாம் கலைந்துவிடக் கூடாதே. நடந்து வருகிறவர் கண்ணாடியில் மோதினால் மூக்கு வீங்கும். அசிங்கமாக இருக்கும். நான் அந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். ஒரு தடவை அவர் மீன்தொட்டிக்குள் இருக்கட்டும், நான் வெளியே இருக்கிறேன். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை. ஓடி வருகிற அப்பாவுக்குத்தான் அந்தக் கண்ணாடி ஆபத்து. நம் அப்பா ஓடி வருகிறவர் இல்லை.

ஓடி வந்தார் அக்கா.

செருப்பில்லாமல் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. கூடத்துக்குள் நுழைந்ததும் கண் நேராக ஸ்டூலுக்குத்தான் போனது. தூண் பக்கம் நிற்பதைப் பார்த்தார். வேகத்தைக் குறைக்கவே இல்லை.

அம்மா சொன்ன மாதிரியேதான் உடைந்தது.

அவர் பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தார். கழுத்துக்குப் பக்கத்திலிருந்து ரத்தம் கல்தளத்தின் இடுக்குகளில் ஓடியது. என்னைப் பார்த்து, "உனக்கு என்னம்மா ஆச்சு? அடி பட்டுச்சா?" என்றார். அந்தக் கேள்விக்காக நான் எவ்வளவு வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். இப்போது வந்து கேட்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கை நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை.

அட்டையை நான்தான் வெளியே எடுத்து வந்திருந்தேன். மதியமே, அவர் கை கழுவப் போனபோது. அதனால்தான் வெறுங்கையோடு வந்தார் என்று இவ்வளவு நேரமும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தேடியிருப்பார், கிடைத்திருக்காது, வேறு வழியில்லாமல் ஓடி வந்திருப்பார். ஆனால் கத்திய வாய் மூடுவதற்குள் வந்துவிட்டார். தேட நேரம் எங்கே இருந்தது? அவர் தேடட்டும் என்று நான் எடுக்கவும் இல்லை. அவர் தேடுவதற்காக என்றால் ஒளித்து வைத்திருப்பேன். கரித்துண்டைச் சீவி வைத்திருக்க மாட்டேன்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "அப்படியே இருங்க" என்றேன். "அசையாதீங்கப்பா, வெளிச்சம் போயிடும்."

அவருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. அசையாமல் இருந்தார். என் அப்பா எனக்காகச் செய்த ஒரே காரியம் அது.

வெளிச்சம் போன பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். இன்ஸ்பெக்டரிடம் நேரம் தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியாது. வரையும்போது நேரம் தெரிவதில்லை. அது அவரும் சொல்வது.

என்னை அப்படிப் பார்க்காதே. விளக்கில்லாவிட்டாலும் நீ பார்ப்பது தெரிகிறது. நான் அவர் மாதிரி இல்லை. அவர் யாரைக் கண்டாலும் வரைவார். நான் ஒருவரைத்தான் வரைந்தேன். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன், நகத்துக்குள் கரி போகவில்லை. பயமாக இருக்கிறது அக்கா. செத்துப்போனதற்காக இல்லை. முதல் தடவையிலேயே கை அவ்வளவு நன்றாக வந்துவிட்டதே, அதற்காக.

லைட் அண்ணன் பாவம். அவர் ஒருவர்தான் என்னைப் பார்த்துவிட்டு விளக்கைத் திருப்பப் பார்த்தவர். அவரை விட்டுவிடத்தான் வேண்டும். நானே ஸ்டேஷனுக்கு வந்து எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன், நீ என் கையைப் பிடித்துக் கூட்டிப் போ. ஆனால் காலையில் வேண்டாம். ஒரு ராத்திரி உட்கார்ந்தவர் இன்னும் அரை நாள் உட்காரட்டும்.

படம் என் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. முகம் முடிந்துவிட்டது, கழுத்து முடிந்துவிட்டது. என் பக்கமாக நீட்டினாரே, அந்த வலது கை மட்டும் பாக்கி. அது ஆடிக்கொண்டே இருந்ததால் பிடிக்க முடியவில்லை. நாளைக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்துவார்கள் இல்லையா, நீ எல்லோரையும் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொல்.

நாளைக்கு அப்பா அசைய மாட்டார்.