அச்சு அசல் துரு

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ஸ்டேஷன் காப்பி நன்றாகவே இருக்கிறது. நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தேவதாஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவன். கொடி மாறியும் புதுச்சேரியில் எங்கள் தெரு என்னைச் ‘சொல்தா ஐயா’ என்றுதான் கூப்பிடுகிறது. குடி, சீட்டு எதுவும் கிடையாது. என் ஒரே பழக்கம், மேசைமேல் ஓடும் பொம்மை ரயில். ரயில் பாரீசிலிருந்து வந்தது. ஸ்டேஷன், பாலம், மாதா கோவில் எல்லாம் தீக்குச்சியாலும் அட்டையாலும் நானே செய்தவை.

மிச்சம் ஒன்றுதான்: கைவிட்டுப்போன நிலக்கரிச் சுரங்கக் கட்டடம். இந்தோசீனாவில் அப்படியொன்றுக்குக் காவல் நின்றிருக்கிறேன். செய்து, கூரைக்குத் துரு தீட்டினேன். என் மனைவி ஜெயம் எட்டிப் பார்த்து, “யாரு இதுமேல வெத்தல துப்புனது?” என்றாள். மனசே விட்டுப்போயிற்று. துரு பிடிப்பதைக் கண்ணால் பார்க்காமல் தீட்டினால் இப்படித்தான்.

பக்கத்து வீட்டுத் தணிகாசலத்தின் சமையற்கட்டு, தகரக் கூரை. என் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே. மில்லில் வேலை செய்து ஓய்ந்தவர். மழைக்கு முன் தார் பூச வேண்டுமே என்று கவலைப்பட்டார். “முட்டி வலியோட நீங்க ஏன் ஏணி ஏறணும்? நான் அடிச்சு உடறேன்” என்றேன். அடித்தேன். தார் அல்ல, வைத்திக்குப்பத்துக் கடல் தண்ணீர். தினமும்.

அந்தத் துருவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் ஆணி ஓரம் மஞ்சள், அப்புறம் செங்காவி, கடைசியில் ஓட்டை. பார்த்துப் பார்த்துத் தீட்டினேன். ஆனால் பாழடைந்த கூரை ஒரு பக்கம் சரிந்திருக்க வேண்டுமே. இது சரியவே மாட்டேன் என்றது. ஒரு பக்கத்து ஆணிகளைப் பிடுங்கினேன்.

அவர் மகள் சின்னப்பாப்பாவுக்குப் பரிசம் போடும் நாளாகப் பார்த்துத்தான் பிடுங்கினேன். எல்லாரும் கூடத்தில் இருப்பார்கள், யார் தலையிலும் விழாது. நான் என்ன ஈவிரக்கம் இல்லாதவனா? பாயசம் அங்கேதான் இருக்கும் என்பது மட்டும் தோன்றவில்லை.

தட்டு மாற்றும் நேரத்தில் காற்றடித்து, கூரை முழுசாக விழுந்தது. மாப்பிள்ளையின் அத்தை அஞ்சலாட்சி, “சகுனமே சரியில்ல, எழுந்திருங்க” என்றாள். வந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தணிகாசலம் என் தோளில் சாய்ந்து அழுதார். “தாரெல்லாம் அடிச்சு உட்டீங்களே சொல்தா ஐயா, அப்பவும் இப்படி ஆயிடுச்சே.” முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். தகரம் இடப்பக்கம் மடிந்து கிடந்தது. என் பொம்மைக் கூரையை நான் வலப்பக்கம் மடித்து வைத்திருந்தேன். வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அதைத் திருத்தினேன்.

மறுநாள் இடிபாட்டை வாரக் கூடை கேட்டு சின்னப்பாப்பா வந்தாள். அழுது வீங்கிய முகம். மேசைப் பக்கம் திரும்பியவள் அசையவில்லை.

“இது எங்க வூட்டுக் கூரை” என்றாள்.

ஐயா, ஒருத்தராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்படியே இருக்குதாம்மா?” என்றேன். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று, பிடுங்கிய ஆணிகளை டப்பாவோடு நானேதான் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அதே டப்பா.