சங்க மாநாட்டு ஸ்டிக்கர்

அக்ரஹாரத்தில் பஸ் ஏறி என் முன் சீட்டில் சாய்ந்த இருவரும், தமிழ்ச் சங்க மாநாட்டுக்கு டீ-ஷர்ட்டும் ஸ்டிக்கரும் அடிக்கக் கொடுத்துவிட்டு வந்த களைப்பில் இருந்தார்கள். ஒருவர் கையில் மாதிரி ஸ்டிக்கர்.

“டீ-ஷர்ட்ல கன்னட எழுத்துதான். இங்க கன்னட ஸ்கூல்ல படிக்கிற நம்ம பசங்களுக்கும் புரியணுமில்ல?”

“ஸ்டிக்கர்லயாவது தமிழ் இருக்கே, போதும் குரு.”

“சரியா இருக்கான்னு பாத்தியா?”

“எனக்கு எங்க தமிழ் படிக்க வரும்? நீ பாத்தேன்னு நெனச்சேன்.”

“எனக்கும் வராது. கடைக்காரரே கம்ப்யூட்டர்ல தேடி எடுத்துப் போட்டாரு. தப்பா இருந்தா?”

“கண்டுபிடிக்கிறவரைச் செயலாளர் ஆக்கிட்டு நாம வீட்டுக்குப் போயிடலாம்.”

ஸ்டிக்கரில் ‘புதுமனை புகுவிழாவுக்கு வருக’ என்று இருந்தது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.