கண்ணின் வெள்ளை

கடைசிப் பகுதியின் படப்பிடிப்பு முடிந்த அன்று, என் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு போனாள் என் தங்கை. என் பென்சில்கள் எல்லாம் கடைசியில் அவள் தலைக்குத்தான் போய்ச் சேரும். மறுநாள் காலை மயங்கி விழுந்தாள். பத்து நாள்கூட இருக்கவில்லை.

குழந்தைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சி அது. அவள் வழங்கினாள், நான் இயக்கித் தொகுத்தேன். ஒளிபரப்பில் நிறங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. அதை மீறினால் சேனலின் சோதனைக் கருவி காட்டிக்கொடுக்கும், நிகழ்ச்சி திரும்பி வந்துவிடும். எளிதில் மீறுவது மஞ்சள்தான். பதினேழு வருடத்தில் என் வேலை ஒருமுறையும் திரும்பி வந்ததில்லை.

தங்கை துணி எடுத்தால் நேரே என் அறைக்கு வருவாள். படம்பிடித்து என் மானிட்டரில் பார்த்த பிறகுதான் அதன் நிறத்தை நம்புவாள். கடை விளக்கும் வீட்டுக் கண்ணாடியும் பொய் சொல்லும் என்று அவளுக்குச் சொல்லிவைத்தது நான்தான்.

ஆறாம் பகுதியில் அவள் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தது. குறைத்தேன். ஏழில் முகத்திலும் தெரிந்தது. அதையும் குறைத்தேன். எட்டாம் பகுதியின்போது அவளே வந்து கேட்டாள்.

"அண்ணா, என் கண்ணு மஞ்சளா இருக்காம். மேக்கப் அக்கா ஒரே நச்சரிப்பு, டாக்டர்கிட்ட போ போன்னு. அப்படியா இருக்கு?"

மானிட்டரை அவள் பக்கம் திருப்பினேன். நான் திருத்தி முடித்திருந்த காட்சி.

"நீயே பாரு."

பார்த்தாள். "அப்போ அக்காதான் கண் டாக்டரைப் பார்க்கணும்," என்று சிரித்தாள்.

இன்னும் ஐந்து பகுதிகள் இருந்தன. அவள் விலகினால் எடுத்ததை எல்லாம் கிடப்பில் போட்டுவிடுவதாகச் சேனல் மேலாளர் சொல்லியிருந்தார். இயக்குநர் என்று என் பெயர் வரவிருந்த முதல் நிகழ்ச்சி அது. பாதியில் நின்றால் அவள் மனம் உடைந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் களைத்துப் போனதால் மீதிக் காட்சிகளை உட்கார்ந்தே பேசும்படி மாற்றி எழுதினேன். அதை அக்கறை என்றே எண்ணினேன்.

ஆறு வாரம் முன்பு கூட்டி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

மாதம் ஒருமுறை மட்டும் வெளியூர் வேலையிலிருந்து வீட்டுக்கு வரும் அவள் கணவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மச்சான், நாள் பூரா அவ முகத்தையே பார்த்துட்டு இருந்தீங்களே. ஒண்ணுமே தெரியலையா?"

"மஞ்சள் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு மாப்பிள்ளை. வரம்புக்காகக் குறைச்சேன். வியாதின்னு தோணல."

அவர் நம்பினார். என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன், அந்த அழுகை பொய்யில்லை.

சொன்னது பொய். அந்த மஞ்சள் எந்தப் பகுதியிலும் வரம்பைத் தாண்டவில்லை. அப்படியே அனுப்பியிருந்தாலும் சேனல் ஏற்றிருக்கும். குறைக்கும்போது அது என்ன நோய் என்றும் எனக்குத் தெரியும்.

தொகுப்பில் செய்யும் திருத்தம் எதுவும் மூலப் பதிவைத் தொடுவதில்லை. எட்டாம் பகுதியின் மூலப் பதிவு என் கணினியில் இருக்கிறது. அதில் அவள் கண்கள் மஞ்சளாகவே இருக்கின்றன.