எல்லா மாடியிலும் நிற்கும் லிஃப்ட்

...பாருங்க, மறுபடியும் நின்னுடுச்சு. இந்த ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு வேற வேலையே இல்ல. யாரும் ஏறல, இறங்கல, கதவு மட்டும் தொறந்து தொறந்து மூடுது. அமுக்காதீங்க தம்பி, அது தானா மூடட்டும்.

ஏழாவது மாடியா? நானும் அங்கதான், மூட்டுவலிக்கு. எல்லாம் படி ஏறி ஏறி வந்தது. நான் தையல்காரி, கடை அஞ்சாவது மாடியில. அங்க லிஃப்ட் இல்லாம என்ன? அதுதான் ஒருநாள் என்னை உள்ள வச்சுக்கிட்டு நடுவுல நின்னுபோச்சு. லைட்டும் போச்சு. வெளிய ஆளுங்க பேசிக்கிட்டுப் போறது எனக்குக் கேக்குது, நான் கத்துறது அவங்களுக்குக் கேக்கல. கதவ நெம்பித் தொறந்தப்ப தொண்டையில சத்தமே இல்ல. எனக்கு! என் வாய்க்கு என் மாமியாரே பயப்படுவாங்க.

அதுலேருந்து லிஃப்டப் பாத்தாலே கை வேர்க்கும். வீட்டு பாத்ரூமுக்குக்கூடத் தாழ்ப்பாள் போடுறதில்ல. எங்க வீட்டுக்காரர், இதுக்கெல்லாமா பயப்படுவன்னு சிரிச்சார். பொண்ணு, மறந்துடும்மான்னா. மறக்குறதுக்கு அது என்ன பஸ்ல விட்ட குடையா?

இங்க இருக்குற நர்ஸம்மா மட்டும் சிரிக்கல. மூட்டுல கட்டு போட்டுக்கிட்டே, எப்படி வந்தீங்கன்னாங்க. படியேறின்னேன். ஏன்னாங்க. அவ்வளவுதான், அழுதுட்டேன். அழுது முடிக்கிறவரைக்கும் அவசரமே படல. அப்புறம் சொன்னாங்க, "நீங்க வெளிய வந்துட்டீங்க. உங்க உடம்புக்குத்தான் அது இன்னும் தெரியல. மெதுவா சொல்லுவோம்."

அதோட விட்டாங்களா? மொதநாள் கதவு மூடாம ஒரு கால வாசல்ல ஊனி நின்னுக்கிட்டாங்க, நான் உள்ள போன வேகத்துல வெளிய வந்துட்டேன். அடுத்த தடவ ஒரு மாடி, அவங்க கையப் புடிச்சுக்கிட்டு. நான் நசுக்குன நசுக்குல அவங்க விரலே செவந்துபோச்சு. இன்னைக்கு என்னடான்னா, தனியா ஏறி வாங்கங்கிறாங்க. ஈவு இரக்கம் வேண்டாம்? யாராவது கூட வந்தா பேச்சு குடுங்கன்னாங்க. அது உங்க தலையில விடிஞ்சிருக்கு.

கோவிச்சுக்காதீங்க தம்பி, எல்லாப் பொத்தானையும் அமுக்குனது நான்தான். ஒவ்வொரு மாடியிலயும் கதவு தொறக்கும்ல, அதுக்குத்தான்...

என்ன, இங்கயே இறங்குறீங்க? இது ஆறுதானே? படியிலயா? இருங்க, நானும்...

மூடிடுச்சு.

சரி. ஒரு மாடிதானே. கை வேர்க்குதா, வேர்க்கட்டும். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், யாரு கேட்டா என்ன, கேக்காட்டி என்ன...

ஆ... தொறந்துடுச்சு.

சிஸ்டர், வாசல்லயேவா நிக்கிறீங்க? ஆறு வரைக்கும் ஒரு தம்பி துணைக்கு இருந்தார், ஓடிட்டார். கடைசி மாடி நான் மட்டும்தான் வந்தேன். ஆமா, நான் மட்டும்.

அதோ, படியேறி வர்றார் பாருங்க, மூச்சு வாங்க. ஏன் தம்பி, லிஃப்ட் இருக்கும்போது இப்படியா கஷ்டப்படுவாங்க?