பகா எண்மேல் ஒரு பந்தயம்

– அப்ப நீ தோத்துட்ட, கெர்ரி. ஹோபார்ட் குளிருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு டார்வினுக்கு வந்து சேரு.

– ரொம்ப ஆடாத லாக்லன். போன வருஷமும் போன்ல இப்படித்தான் மார் தட்டின. கான்பெரா மாநாட்டுல அத்தனை பேர் முன்னாடி உன் பகா எண் ரெண்டா உடைஞ்சு விழுந்துச்சு.

– ஒரே ஒரு சோதனையை வச்சுக்கிட்டுக் குதிச்சேன். பட்டாச்சு, புத்தி வந்தாச்சு. இது அப்படியில்ல.

– எது? நம்ம கல்யாணத் தேதியில ஆரம்பிச்சு, அதையே திருப்பிப் போட்டு முடியற இருபதாயிரத்து ஒரு இலக்கமா?

– அதேதான். முன்னாடியிருந்து படிச்சாலும் பின்னாடியிருந்து படிச்சாலும் ஒண்ணு. நாலால வகுத்தா மீதி ஒண்ணு. அப்படிப்பட்ட பகா எண்ணை ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா ஒரே ஒரு விதமாத்தான் எழுத முடியும். இன்னொரு விதம் கண்டுபிடிச்சு என் எண்ணை உடைக்கிறேன்னு சவால் விட்டியே, கிடைச்சுதா?

– இல்ல.

– எப்படிக் கிடைக்கும்? மாசக்கணக்கா ஓடின என் கம்ப்யூட்டர் இன்னிக்குக் காலையில அது பகா எண்தான்னு முழு நிரூபணமும் கக்கிடுச்சு. எப்ப பெட்டி கட்டப் போற?

– யோசிக்கிறேன். எங்கப்பா சுரங்கம் சுரங்கமா வேலை மாத்துவாரு, அம்மா சட்டி பானையோட பின்னாடியே போவா. புருஷனுக்காக ஊர் மாற மாட்டேன்னு கல்யாணத்தன்னிக்கே எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னவ நான்.

– தெரியும். அதனாலதானே யார் வேலையை விட்டு வர்றதுன்னு கணக்கே முடிவு பண்ணட்டும்னு ஈஸ்டர் அன்னிக்கு நீயே பந்தயம் கட்டின? பகா எண்ணா இருந்தா நீ இங்க, இல்லன்னா நான் அங்க.

– ஆமா, நான்தான்.

– கெர்ரி... உன் குரலே சரியில்ல. ஜெயிச்சதுல எனக்கும் சந்தோஷம் இல்ல, போ. பந்தயத்தைத் தூக்கிக் குப்பையில போடு. நானே வந்துடறேன். இங்க மாங்கா சீசன் முடியட்டும், கிளம்பிடறேன்.

– வேண்டாம். பந்தயம்னா பந்தயம்தான். ராஜினாமா கொடுத்தாச்சு.

– அதுக்குள்ளயா? நிரூபணத்தை நீ இன்னும் பார்க்கவே இல்லையே! அனுப்பறேன் இரு, வரி வரியா சரி பாரு.

– என்கிட்ட இருக்கு. ஈஸ்டருக்கு முந்தின வாரமே எங்க பல்கலைக்கழகத்துப் பெரிய மிஷின் முடிச்சுக் கொடுத்துடுச்சு. பகா எண்தான், துளி சந்தேகம் இல்ல.

– ஏய், அப்ப தெரிஞ்சேவா பகா எண் இல்லைன்னு கட்டின?

– தோக்கணும்னா வேற எந்தப் பக்கம்டா கட்டுவாங்க, மக்கு?